அடுத்த ரைஃபிள்: காற்றுத் துப்பாக்கியா, பாயிண்ட் 22-ஆ?

சிங்கப்பூரில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஊன்றியிருப்பவர் தம் இரண்டாவது ரைஃபிளாக எதை வாங்கலாம் என்று கேட்டால், புதிய 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியையே நான் முதலில் சொல்வேன். காவல்துறை உரிமமும் சுடும் மன்றத்தின் ஆயுதக் கிடங்கில் வைக்கும் கட்டுப்பாடும் இதற்கும் பாயிண்ட் 22-க்கும் (0.22 அங்குலக் குழலில் வெடிமருந்துத் தோட்டாவைச் சுடும் ரைஃபிள்) பொது என்பதால், வேறுபாட்டைப் பயிற்சியில்தான் தேட வேண்டும்.

காற்றுத் துப்பாக்கியின் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு மெதுவாகவே குழலை விட்டு வெளியேறுவதால், விசையை இழுத்த பின்னரும் தோளும் கன்னமும் அசையாமல் நிற்கப் பழக வேண்டியிருக்கிறது. இலக்கில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர் என்பதால் சிறு நடுக்கமும் உடனே தெரிந்துவிடும். இந்தக் கண்டிப்பை வேறெந்த ரைஃபிளும் கற்றுத் தருவதில்லை.

பாயிண்ட் 22 ரைஃபிளின் சுவை வேறு: 50 மீட்டர் தூரத்தில் காற்றின் போக்கைக் கணித்து, மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுட வேண்டும். ஆனால் ஒரே நிறுவனத் தோட்டாக்களிலும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி துல்லியம் மாறுவதால், குழலுக்குப் பொருந்தும் தொகுதியைச் சுட்டுப் பார்த்தே வாங்க வேண்டியிருக்கும், செலவும் கூடும். 2018 காமன்வெல்த் விளையாட்டுகளில் சிங்கப்பூர் வீராங்கனை மார்ட்டினா வெலோசோ இரண்டு வகையிலும் தங்கம் வென்றார் என்பதால், ஒன்று மற்றதற்குத் தடையாகாது. காற்றுத் துப்பாக்கியில் நின்று சுடும் நிலை உறுதிப்பட்ட பிறகு பாயிண்ட் 22-ஐச் சேர்த்துக்கொள்ளலாம்.