கிறிஸ்துமஸ் தாத்தா எந்த மலை ஏறலாம்: ஊட்டியா, கொடையா?

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு கிறிஸ்துமஸ் சாகச நாவல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துக்கு ஒரு தடவையாவது சிரிப்பு வர வேண்டும். கதை ஓரளவு பிடிபட்டுவிட்டது. சர்ச் சபையார் வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸில் சேர்ந்த காணிக்கைப் பெட்டி காணாமல் போகிறது. அதே ராத்திரி ஊருக்குள் இரண்டு கிறிஸ்துமஸ் தாத்தாக்கள் திரிகிறார்கள். எந்தத் தாத்தா சபைத் தாத்தா, எந்தத் தாத்தா திருட்டுத் தாத்தா என்று நாலு வாண்டுகள் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் நள்ளிரவு ஆராதனைக்கு மணி அடிப்பதற்குள்.

இடத்தில்தான் தகராறு. நான் இருப்பது குன்னூரில். அண்ணன் குடும்பம் கொடைக்கானலில். அவர் பிள்ளைகள் இருவரும்தான் என் முதல் வாசகர்கள். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஒன்பது. நான் நீலகிரி என்றேன், அவர்கள் கொடை என்றார்கள். சரி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

நீலகிரியின் துருப்புச் சீட்டு மலை ரயில்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும் ஊட்டிக்கு 1908-லும் வந்தது. 46 கி.மீ. தூரத்தில் 208 வளைவு, 250 பாலம், 16 குகைப்பாதை. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்தாயிற்று. இதையெல்லாம் நாவலில் எழுதினால் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது வேறு: கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல்லு வைத்த இன்னொரு தண்டவாளம் வரும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். ஏறும்போது எஞ்சின் இருப்பது முன்னால் இல்லை, பின்னால். மொத்த ரயிலையும் அது முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டு வருகிறது. முன்பெட்டியின் முகப்பில் பிரேக்காரர் ஒருவர் கையில் கொடியோடு நிற்பார்.

திருட்டுத் தாத்தாவுக்கு இது தெரியாது. எஞ்சினைக் கைப்பற்றுகிறேன் பேர்வழி என்று மூட்டையோடு பெட்டி பெட்டியாக முன்னால் தாவுகிறான். கடைசியில் போய் நின்றால் எதிரே ஆகாயமும் மலையும் பிரேக்காரரும்தான். அவர் திரும்பிப் பார்த்து, "டிக்கெட் இருக்கா?" என்கிறார். இந்தக் காட்சியைச் சொன்னபோது சின்னவன் பாயில் உருண்டு சிரித்தான். உருண்டு முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான்: "அத்தை, அவன் ஏன் இறங்கி நடந்து போகல?"

நியாயமான கேள்வி. மேட்டுப்பாளையம் குன்னூர் 28 கி.மீ. ஏற இந்த ரயிலுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். துரத்தல் காட்சி வைத்தால் துரத்துகிறவன் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி ஏறிக்கொள்ளலாம். இதையே சிரிப்பாக்கலாம்தான், ஆனால் ஓர் அத்தியாயத்துக்குத்தான் தாங்கும். இன்னொரு சிக்கல், வடகிழக்குப் பருவமழையில் பாதையில் மண் சரிந்து ரயில் ரத்தாவது எங்களுக்குப் புதிதில்லை. டிசம்பர் கதையில் ரயிலை நம்பி எழுதுகிறவர் மழையையும் நம்ப வேண்டியிருக்கிறது.

கொடைக்கு ரயிலே கிடையாது. கொடைக்கானல் ரோடு என்று ஸ்டேஷன் இருக்கிறது, அதில் இறங்கிக் கொடைக்கானலைத் தேடினால் இன்னும் 80 கி.மீ. போக வேண்டும். (இதுவே ஒரு நல்ல நகைச்சுவை. திருட்டுத் தாத்தா வெளியூர்க்காரன் என்றால் முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொள்வான்.) அப்புறம் மலைப்பாதை. வத்தலக்குண்டு பக்கமிருந்து வந்தாலும் பழனி பக்கமிருந்து வந்தாலும் பெருமாள்மலையில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே ரோடுதான் ஊருக்குள். கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்த ரோட்டில் சிக்கிய யாரும் அதை மறக்க மாட்டார்கள்.

விலங்கு விஷயத்தில் இரண்டு மலையும் சளைத்தவை அல்ல. எங்கள் பக்கம் கரடி. கோயிலுக்குள் நுழைந்து விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடிக்கும், கடைக் கதவைப் பெயர்த்து இனிப்பைத் தின்னும். பிளம் கேக் வேகும் வாசனைக்கு ஒரு கரடி வந்தால் கதை தானாக ஓடும். கொடையில் காட்டுமாடு. பத்திரிகைகள் காட்டெருமை என்று எழுதும், ஊரில் காட்டுமாடுதான். பெரும்பாலும் அது ஒன்றும் செய்யாது, ரோட்டின் நடுவில் நிற்கும், அவ்வளவுதான். ஆர்ப்பாட்டத்தில் கரடிதான் ஜெயிக்கும் என்று நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தபோது நேர்மாறாக ஆனது. கரடி வந்தால் எல்லாரும் ஓடுகிறார்கள், காட்சி முடிந்துவிடுகிறது. காட்டுமாடு நின்றால் எல்லாரும் நிற்க வேண்டியிருக்கிறது. கேரல் ஜீப், பின்னால் மதுரையிலிருந்து வந்த வேன், அதன் பின்னால் பஸ், பஸ்ஸுக்குள் திருட்டுத் தாத்தா. நிற்கிறவர்கள் பேசியே ஆக வேண்டும், பேசினால் உளறியே ஆக வேண்டும்.

பனிக்கு வருவோம். கிறிஸ்துமஸ் கதை என்றாலே வெள்ளையாக ஏதாவது விழ வேண்டும் என்று பிள்ளைகள் எதிர்பார்க்கிறார்கள். நம் மலைகளில் விழாது, உறையும். ஊட்டியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் விடிகாலையில் புல் வெள்ளையாகிவிடும். கொடையிலும் ஏரியை ஒட்டி உறையும், ஆனால் இதில் ஊட்டிக்கே முதல் மதிப்பெண். ஆளாளுக்குப் புல்லைச் சுரண்டிச் சுரண்டிச் சேர்த்தால் இட்லி அளவுக்கு ஒரு பனிமனிதன் செய்யலாம். வெயில் ஏறினால் அவனும் போய்விடுவான்.

கொடையின் கையில் இருப்பது மூடுபனி. அதை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். அண்ணன் ஒரு வருஷம் கேரல் ரவுண்ட்ஸில் தாத்தா வேஷம் போட்டார். நம்மூர்த் தாத்தா எப்படி இருப்பார் என்று உங்களுக்குத் தெரியும்: ரோஸ் கன்னம் வைத்த ரப்பர் முகமூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வயிற்றில் தலையணை, டிரம் அடிக்க அடிக்கக் குலுங்கி ஆட்டம். தாடி மட்டும் மருந்துக்கடைப் பஞ்சு. முதல் இரண்டு வீடு நன்றாகத்தான் போனது. மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. பஞ்சு ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கனத்து, முகமூடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே வந்தது. கண் ஓட்டை மூக்குக்கு வந்துவிட்டது. அண்ணனுக்கு ஒன்றும் தெரியவில்லை. மிட்டாயை எதிரே நின்ற தூணுக்கு நீட்டினார். தாடி நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வீட்டுக்காரர் மடியிலிருந்த குழந்தை, "தாத்தாவுக்கு ஜொள்ளு வடியுது" என்றது. இரண்டு தாத்தாக்களைக் குழப்பி அடிக்க இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமா? பத்தடி தள்ளி நிற்கும் சிவப்பு உருவம் எந்தத் தாத்தா என்று யாராலும் சொல்ல முடியாது.

துப்பு வைக்கவும் கொடைதான் தோது. 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் கட்டவைத்த ஏரி நட்சத்திர வடிவம் என்று எல்லாரும் சொல்வார்கள். "பெட்டி நட்சத்திரத்தின் மூன்றாம் முனையில்" என்று ஒரு சீட்டு கிடைக்கிறது என்று வையுங்கள். கரையோரம் நடந்து பார்த்தால் முனையும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? சரி, நட்சத்திர விவகாரம்தானே என்று பிள்ளைகள் வான் ஆய்வகத்துக்கு ஓடினால், அது 1901-லிருந்து முக்கியமாகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம். இதற்கு ஈடாக ஊட்டியில் செயின்ட் ஸ்டீபன் ஆலயத்து உத்திரங்கள் உண்டு. திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து வந்தவை என்பார்கள். புதையல் கதைக்கு நல்ல சரக்குதான், ஆனால் யாரும் யோசிக்கக்கூடியது.

தின்பண்டத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்கள் வர்க்கிக்கு, அதாவது அடுக்கடுக்கான மொறுமொறு பிஸ்கட்டுக்கு, கொடையில் போட்டியே இல்லை. வர்க்கி தின்றவன் தடயம் விடாமல் போகவே முடியாது. ஒரு கடி கடித்தால் சட்டை, மடி, தரை எங்கும் தூள். பஞ்சுத் தாடியில் ஒட்டினால் தட்டினாலும் போகாது. ஆகவே திருட்டுத் தாத்தா குன்னூர்க்காரன், பையில் ஒரு பொட்டலம் வர்க்கியோடு கொடைக்கு வருகிறான். ஊர்ப் பெருமைக்கு இதாவது மிஞ்சட்டும்.

ஆமாம், முடிவு கொடைக்குத்தான். ரயிலை விட மனசே இல்லை. ஆனாலும் ரயிலில் போகும் பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் அப்பா அம்மா உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர்கள் கூடவே இருந்தால் சாகசத்துக்கு இடம் ஏது? கொடைக் கதையில் பெரியவர்கள் மொத்தமும் பெருமாள்மலை நெரிசலில் மாட்டிக்கொண்டு போனில் கத்திக்கொண்டிருப்பார்கள், அதுவும் சிக்னல் கிடைத்தால். மேலே ஊருக்குள் நாலு பிள்ளைகளும் குறுக்குப்பாதையில் நடப்பார்கள். ஊட்டி ரோட்டிலும் ஒரு காட்டுமாட்டை நிறுத்திக் கதையை எழுதிப் பார்த்தேன். கோத்தகிரி வழி, கூடலூர் வழி என்று பெரியவர்கள் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

முதல் காட்சி வெள்ளி நீர்வீழ்ச்சி சோதனைச் சாவடி. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கும் வெளியூர் வண்டி ஏற இ-பாஸ் வேண்டும். ஜீப்பில் சிவப்பு உடுப்பில் ஒரு தாத்தா. பிளாஸ்டிக் இருக்கிறதா என்று மூட்டையை அவிழ்க்கிறார்கள். பரிசுப் பொட்டலங்களின் பளபளப்பு உறைகள் ஒவ்வொன்றாகப் பறிமுதலாகின்றன. பிறகு இ-பாஸ் கேட்கிறார்கள். தாத்தா அங்கேயே நின்று போனில் விண்ணப்பிக்கிறார். இதுவரை எழுதியாயிற்று. வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் அவர் என்ன போடுவார் என்பதில் பெரியவளுக்கும் சின்னவனுக்கும் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. சின்னவன் "திருட்டு" என்றே போடச் சொல்கிறான்.