பழைய மணல்மேடு அறுத்த டயர்

"அண்ணா, உங்கள் வண்டியில் இருக்கிற, மணல், பாறை, சாலை எல்லாவற்றுக்குமான அந்த ஆல் டெரெய்ன் டயர் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கட்டுமா?" என்று மஸ்கட் நண்பர் ஒருவர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் பஞ்சர் கடைக்காரர், டயரின் பக்கவாட்டில் நான்கு விரல் நீளத்துக்கு விழுந்திருந்த வெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒட்ட முடியாது என்று கைவிரித்திருந்தார்.

மூன்றரை ஆண்டுகளாக ஓட்டுகிறேன். நல்லதை மறைக்க மாட்டேன். ஓமனில் பிதியா ஊரைத் தாண்டி ஷர்கியா மணல் பாலைவனத்தில் இறங்குமுன் டயரின் காற்றழுத்தத்தை 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 15க்குக் குறைப்பேன். டயர் ஒட்டகப் பாதம் போலத் தரையில் படியும். மணல்மேட்டில் காற்று வீசி இறுக்கிய பக்கத்தில் சிரமமில்லாமல் ஏறும். பொலபொலவென்று கிடக்கும் மறுபக்கத்தில் நேராக இறக்கினால் புதையாது. ஹஜர் மலையிலும் அப்படித்தான். அந்தக் கறுத்த பாறையில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது! வாதியில், அதாவது மழைக்கு மட்டும் நீரோடும் வறண்ட ஆற்றுப்படுகையில், வெள்ளம் உருட்டி மழுக்கிய கற்களின் மேல் எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு கீறல் விழுந்ததில்லை. தரையில் படும் ரப்பர்க் கட்டிகளான பட்டன்களின் இடுக்கில் சரளை சிக்கித் தார்ச்சாலையில் டக்டக்கென்று தட்டுவது பழகிவிட்டது.

பக்கச்சுவர்தான் பொறுக்கவில்லை. ஷர்கியாவில் கடலை நெருங்க நெருங்க, பழைய மணல்மேடுகள் கல்லாகி அடியிலிருந்து தலைகாட்டும். அந்த மணலில் சிப்பித் தூள் அதிகம்; மழைநீர் அதன் சுண்ணாம்பைக் கரைத்து மணலோடு மணலை ஒட்டவைத்துவிட்டது. மேலே வீசும் காற்று அதைக் கூர் விளிம்பாகச் செதுக்குகிறது. நிறமும் மணலின் நிறமே, கண்ணுக்கு அகப்படாது. காற்று குறைந்த டயரின் பக்கம் பிதுங்கி நிற்குமல்லவா, அந்தப் பிதுக்கத்தில்தான் பாய்ந்தது.

நியாயமாகப் பார்த்தால் தவறு என்னுடையது. கல்தரை தெரிந்ததும் கம்ப்ரெஸரை எடுத்துக் காற்றை ஏற்றியிருக்க வேண்டும். ஐம்பது அடிதானே என்று சோம்பிவிட்டேன். இருந்தாலும், பட்டனை அத்தனை தடிமனாகச் செய்தவர்களுக்குப் பக்கச்சுவரில் மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

வெட்டிய கல்லில் ஒரு சில்லு என் மேசைமேல் இருக்கிறது. கட்டைவிரலால் தேய்த்தால் மணலாக உதிர்கிறது. சுரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கிறது. இதற்குப் போய் அறுபட்டிருக்கிறது!

"வாங்க வேண்டாம் தம்பி" என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். ஸ்டெப்னிக்கு அதே டயரில் ஒன்று எனக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், வியாழக்கிழமை வருகிறது.