கைமாறும் வரைபடமா, பொது மாதிரியா, ஒரே மேசையா?

ஒரு கட்டடத்தை வடிவமைக்கும் கட்டடக் கலைஞரும் கட்டமைப்புப் பொறியாளரும் மின்சாரம், குளிர்சாதனம் பார்ப்பவர்களும் சேர்ந்து இயங்க மூன்று வழிகள் உள்ளன: ஒருவர் முடித்து அடுத்தவருக்கு அனுப்புவது, எல்லோரும் ஒரே கணினி மாதிரியில் வரைவது, எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுப்பது.

முதல் வழியில் செலவு குறைவு, பொறுப்பும் தாளிலேயே பிரிந்திருக்கும். ஆனால் வரைபடம் கைமாறும் இடத்தில்தான் கேள்விகள் தொலைகின்றன. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தனர். மேலும் கீழுமாக இருந்த இரு நடைபாதைகளையும் தாங்க வேண்டிய ஒரே நீளக் கம்பி, தயாரிப்பு வசதிக்காக இரண்டாக்கப்பட்டு, கீழ்ப்பாதை மேல்பாதையிலிருந்தே தொங்கவிடப்பட்டதால், மேல்பாதை உத்தரத்தின் இணைப்பில் சுமை இரட்டிப்பானது. மாற்றிய வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை இருந்தது; அந்த இணைப்புக்குக் கணக்குப் போடுவது மற்றவர் வேலை என்றே இரு தரப்பும் எண்ணியிருந்தன.

'பிம்' (BIM, கட்டடத் தகவல் மாதிரி) எனப்படும் பொது மாதிரி இந்த இடைவெளியைப் பெருமளவு குறைக்கிறது. 2018இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 19650 தரநிலை, வரைந்துகொண்டிருப்பது, பகிர்ந்தது, இறுதியாக வெளியிட்டது எனத் தகவலின் நிலையைப் பிரித்துக் காட்டச் சொல்கிறது. குழாயும் உத்தரமும் ஒரே இடத்தில் மோதினால் மென்பொருள் உடனே சொல்லிவிடும். யார் விட்டுக்கொடுப்பது என்பதை அது சொல்லாது. நூற்றுக்கணக்கான மோதல்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் மற்றவர் நகரட்டும் என்று காத்திருப்பதை ஒற்றுமை என்று என்னால் சொல்ல முடியாது.

மேசையில் அதே சிக்கல் வேறு விதமாக அவிழ்கிறது. தாழ்வாரத்தில் 600 மி.மீ. ஆழ உத்தரத்தின் குறுக்கே 350 மி.மீ. உயரக் காற்றுக்குழாய் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குழாய்க்காரர், "அகலத்தைக் கூட்டினால் உயரத்தை 200 ஆக்கலாம்" என்கிறார். பொறியாளர் பென்சிலால், வெட்டுவிசை (உத்தரத்தைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசை) குறைவான நடுப்பகுதியில் துளையைக் குறித்து, அந்த அளவுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பதாக ஏற்கிறார். கூரை உயரத்தை இழக்கவிருந்த கட்டடக் கலைஞருக்கு அது மிஞ்சுகிறது.

ஆகவே என் தேர்வு மேசைதான்; அங்கே எடுத்த முடிவைப் பதிந்துவைக்க மாதிரி வேண்டும். ஆனால் தவறை ஒப்புக்கொள்பவர் மீதே இழப்பு விழும் ஒப்பந்தத்தில் எந்த மேசையிலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் 5ஆம் முனையத்தில் கட்டுமான இடர்களை உரிமையாளரே ஏற்றது இதனால்தான். மூத்தவர்களின் நேரத்தை மேசை நிறையவே கேட்கும் என்பதால், சிறு வீட்டுக்கு முதல் வழியே போதும். வரைபடத்தோடு, இன்னும் விடை தெரியாத கேள்விகளையும் அவற்றுக்குப் பொறுப்பானவர் பெயரையும் எழுதிய ஒரு தாள் மட்டும் கூடவே போக வேண்டும்.