முன் சக்கரப் பக்கம் 'டக் டக்' சத்தம்: கிளிப் மைக் கிட் வாங்கலாமா?

கார் சத்தத்தைக் கண்டுபிடிப்பதற்கென்றே கிளிப் வைத்த மைக் கிட் விற்கிறார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெட்டியில் நாலோ ஆறோ மைக் இருக்கும், ஒவ்வொன்றிலும் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற கிளிப், கூடவே ஒரு ரிசீவர், ஒரு ஹெட்போன். லோயர் ஆர்மில் (சக்கரத்தை வண்டியோடு கீழே இணைக்கிற கை) ஒன்று, லிங்க் ராடில் (ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கிற சின்னக் கம்பி) ஒன்று, காலிப்பர் (பிரேக் பேடை அழுத்துகிற பாகம்) பக்கம் ஒன்று என்று மாட்டிவிட்டு வண்டியை எடுத்தால், ரிசீவரில் சேனலை மாற்றி மாற்றி ஒவ்வொரு இடத்துச் சத்தத்தையும் தனித்தனியாகக் கேட்கலாம். நான் வைத்திருப்பது வயர்லெஸ் கிட். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் எடுத்த எடுப்பிலேயே இதை மாட்டுவது சரியான வழி இல்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்படி ஒன்று ஏன் தேவைப்படுகிறது என்றால், சஸ்பென்ஷன் சத்தம் காதை நன்றாக ஏமாற்றும். இரும்பு வழியாகச் சத்தம் எங்கெங்கோ போய் பாடியில் ஏறி, வலது பக்கத்தில் இருக்கிற கோளாறு இடது காலுக்குக் கீழே தட்டுவது போலக் கேட்கும். நான் வண்டி விட்ட பட்டறையில் சத்தம் என்று சொன்னதுமே இரண்டு லிங்க் ராடையும் மாற்றினார்கள், சத்தம் அப்படியே இருந்தது, அடுத்து லோயர் ஆர்ம் என்றார்கள், அதையும் மாற்றினார்கள், அப்போதும் போகவில்லை. யாரும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால் என்றைக்காவது ஒருநாள் சரியாகத்தான் செய்யும், அதுவரை காசு கொடுக்கிறவர் நாம்தானே.

கிட்டைத் தொடுவதற்கு முன்னால் கையால் செய்ய வேண்டிய சோதனைகள் இருக்கின்றன, பாதிச் சத்தம் அதிலேயே பிடிபட்டுவிடும். மேடு பள்ளத்தில் ஓட்டும்போது பிரேக்கை லேசாக அழுத்திப் பாருங்கள், சத்தம் நின்றுவிட்டால் சஸ்பென்ஷனை விட்டுவிட்டு காலிப்பரையும் பிரேக் பேடையும் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளினால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேலே இருக்கிற பேரிங் மீது சந்தேகப்படலாம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விடும்போது மட்டும் ஒரு இடி இடித்தால் எஞ்சினைத் தாங்குகிற எஞ்சின் மவுண்ட்டைப் பாருங்கள். முழுக்கத் திருப்பி ஓட்டும்போது 'டக் டக் டக்' என்று சக்கர வேகத்தோடு சேர்ந்து வந்தால் அது ஆக்ஸில் ஜாயின்ட்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த சோதனை ஸ்டெபிலைசர் பார் சோதனைதான். இரண்டு பக்கச் சக்கரத்தையும் குறுக்கே இணைக்கிற அந்த பார் முறுக்கிக்கொள்வதே இரண்டு சக்கரமும் வேறு வேறு அளவில் ஏறி இறங்கும்போதுதான். அதனால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது தட்டி, இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் வேகத்தடை ஏறும்போது சத்தமே வராமல் இருந்தால், லிங்க் ராடு அல்லது பார் புஷ் (பாரைப் பிடித்திருக்கிற ரப்பர்) என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இன்னொன்று, ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு லிங்க் ராடைப் பிடித்து ஆட்டி 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு சக்கரம் மட்டும் தொங்கும்போது பார் முறுக்கிய நிலையில் லிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும், தேய்ந்த ஜாயின்ட்டில்கூட ஆட்டம் தெரியாது. இரண்டு பக்கமும் ஒன்றாகத் தொங்க வேண்டும், இல்லை இரண்டும் தரையில் நிற்க வேண்டும், அப்போதுதான் உண்மை தெரியும். தூக்கினால் ஸ்டாண்டு வைத்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பிப் போகவே கூடாது.

இதெல்லாம் செய்தும் பிடிபடாத சத்தத்துக்குத்தான் இந்த கிட். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது. டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்தாலும் ஆட்டம் இல்லை, பக்கவாட்டில் அசைத்தாலும் டை ராடு எண்டில் (ஸ்டியரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் முனை) ஒன்றும் இல்லை, கம்பி வைத்து நெம்பிப் பார்த்தாலும் லோயர் ஆர்ம் சக்கரத்தோடு சேரும் பால் ஜாயின்ட் கெட்டியாக இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு திரும்பியது. காதுக்கு மட்டும் வலது பக்கம் கீழேதான் தட்டுகிறது என்று அடித்துச் சொல்லலாம்.

மைக்கை வலது லோயர் ஆர்ம், வலது லிங்க், இரண்டு பக்க ஸ்ட்ரட் மேல்பகுதி என்று மாட்டி, நண்பர் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். லோயர் ஆர்மில் ரோட்டுச் சத்தம் மட்டும் 'கரகர' என்று வந்தது. லிங்க்கில் தட்டும் சத்தம் கேட்டது, ஆனால் பக்கத்து வீட்டில் ஆணி அடிப்பது மாதிரி மங்கலாக. இடது ஸ்ட்ரட்டுக்கு மாற்றியதும் 'டொக்' என்று காதுக்குள்ளேயே விழுந்தது, பின்னால் இரைச்சல் எதுவும் இல்லாத, ஓரம் கூர்மையான ஒரு சத்தம். அந்த வித்தியாசத்தை ஒருமுறை கேட்டுவிட்டால் அப்புறம் சந்தேகமே வராது. கழற்றிப் பார்த்தால் அந்த ஸ்ட்ரட்டை மேலே பாடியோடு பிடித்திருக்கிற மவுண்ட்டில் பேரிங் நன்றாகவே சுற்றியது, ஆனால் ரப்பர் ஒரு பக்கம் இரும்பை விட்டு உரிந்து, விரலால் அழுத்தினால் வாய் திறந்தது. ஸ்டியரிங் சோதனையில் ஏன் தெரியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

பயன்படுத்தும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். இந்த கிட் 'இதுதான் கெட்டது' என்று சொல்லாது, எங்கே சத்தம் அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான் உதவும். ஆகவே வால்யூமைத் தொடாமல் வைத்து, அதே ரோட்டில், அதே வேகத்தில் எல்லாச் சேனலையும் கேட்க வேண்டும். ஒரு இடத்தில் சத்தம் அதிகம் என்று தோன்றினால் அந்த மைக்கையே கழற்றி எதிர்ப்பக்கம் மாட்டி, எதிர்ப்பக்க மைக்கை இங்கே மாட்டி மறுபடியும் கேளுங்கள். மைக்குகள் எல்லாம் ஒரே மாதிரி சத்தத்தை வாங்குவதில்லை, என் கிட்டிலேயே ஒன்று மற்றவற்றைவிட உரக்கக் கேட்கிறது. இடத்தோடு சத்தம் நின்றால் கோளாறு அங்கே, மைக்கோடு கூடவே நகர்ந்தால் அது மைக்கின் குணம். இந்தக் கிட்டோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, எனக்கு அதில் வருத்தம்தான், ஏனென்றால் இது தெரியாமல் ஒருவர் நல்ல பாகத்தைக் கழற்றிப் போடுவார்.

கிளிப்பை ரப்பர் மீதோ பிளாஸ்டிக் மீதோ மாட்டினால் பயன் இல்லை, வெறும் இரும்பைக் கவ்வ வேண்டும், மண்ணும் கிரீஸும் இருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். ஆக்ஸில், டயர், சைலன்சர் குழாய் பக்கம் போகவே கூடாது. கிளிப் பிடி நன்றாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கேபிள் டை போட்டு இறுக்கிவிடுவேன், ஓடும்போது கழன்று சக்கரத்துக்குள் போனால் மைக் போச்சு. ஓட்டுகிறவர் எக்காரணம் கொண்டும் ஹெட்போன் போடக் கூடாது, கேட்பதற்கு இன்னொரு ஆள் வேண்டும். தனியாக வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய சிக்கல், ஒலியைப் பதிவு செய்துகொள்ளும் வசதி என் கிட்டில் இல்லை.

வயரா வயர்லெஸ்ஸா என்று கேட்டால், வயர் வைத்ததில் பேட்டரி தீரும் கவலையும் இரைச்சலும் குறைவு, ஆனால் வயரை எஞ்சின் பக்கமிருந்து கதவு வழியாக உள்ளே கொண்டுவருவது தலைவலி, முழுக்கத் திருப்பும்போது சக்கரத்தில் மாட்டாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயர்லெஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அவ்வப்போது 'சர்ர்' என்று இரைச்சல் வந்து ஒரு நொடி சத்தம் அறுந்துபோகும். அடிக்கடி வண்டி பார்க்கிறவர் வயர்லெஸ் வாங்கலாம். தன் ஒரு வண்டிக்காக மட்டும் வாங்க நினைக்கிறவர், தெரிந்த மெக்கானிக்கிடம் இருக்கிறதா என்று முதலில் விசாரிப்பது நல்லது.

கோளாறைக் கண்டுபிடித்து மாற்றும்போது லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை மட்டும் சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கவிடாதீர்கள். வண்டி தன் எடையில் தரையில் நிற்கும் உயரத்தில்தான் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டுகிற ஸ்பானர்) வைத்து இறுக்க வேண்டும், இல்லையென்றால் புது ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரமே கிழியும், அதே 'டக் டக்' திரும்ப வந்துவிடும்.