பம்பு உறுமினால் காயில் கருகிவிட்டது என்று அர்த்தமில்லை

வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். நன்றாக ஓடக்கூடிய பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தேவையே இல்லாத புதுப் பம்பு ஒன்றை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார் ஒருவர்.

ஸ்விட்சைப் போட்டால் பம்பு உறுமும், சுற்றாது. சற்று நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். இவ்வளவுதான் பழுது. வந்தவர் மோட்டாரின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. "காயில் கருகிவிட்டது சார், இனி இது பழைய இரும்புக்குத்தான்" என்றார். மீட்டரைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டாரில் காயிலுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. முதலாவது கெப்பாசிட்டர். மோட்டார் சுற்றத் தொடங்குவதற்கான உந்துதலைக் கொடுப்பது அதுதான். அது செத்துவிட்டால் காயிலுக்கு மின்சாரம் போகும், ஆனால் தண்டு திரும்பாது. காயில் சூடேறி, உள்ளிருக்கும் வெப்பப் பாதுகாப்பு ஸ்விட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சூடும் அடங்கிப் போவதும் இதனால்தான். இரண்டாவது, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் சிக்கிய குப்பையோ சிறு கல்லோ. மெயினை அணைத்துவிட்டுத் தண்டைக் கையால் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். உண்மையிலேயே கருகிய காயில் பெரும்பாலும் நாற்றத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். அப்படி எந்த நாற்றமும் வரவில்லை. (கெப்பாசிட்டரை நீங்களாகத் தொட வேண்டாம். மின்சாரத்தை அணைத்த பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.)

புதுப் பம்புக்குப் பழையதைவிடக் குதிரைத்திறன் அதிகம். "தண்ணீர் இன்னும் தெளிவாக இருக்கும்" என்றார். குழாயோ பழைய ஒன்றரை அங்குலக் குழாய். அந்தக் குழாய் தரக்கூடியதைவிட அதிகமாகப் பம்பு இழுக்கப் பார்த்தால், உள்ளே ஆவிக் குமிழிகள் உருவாகி உடையும். கடகடவென்று சத்தம் வரும், நாளடைவில் இம்பெல்லரை அரித்தும்விடும். போட்ட அன்றே அந்தச் சத்தம் வந்தது. கூடவே, குளத்துக்குள் தண்ணீர் திரும்பும் வாயிலிருந்து காற்றுக் குமிழிகளும் வந்தன. கேட்டதற்கு, பம்பு புதிது, பழகும்வரை அப்படித்தான் இருக்குமாம். பழகுவதற்கு இது என்ன புதுச் செருப்பா?

அடுத்த முறை வந்தபோது ஃபில்டரைக் கை காட்டினார். மணல் அடைத்துக்கொண்டதாம், முழுவதும் மாற்ற வேண்டுமாம். அழுத்தமானியைப் பார்த்தேன். முள் வழக்கத்தைவிடக் கீழே கிடந்தது. ஃபில்டர் அடைத்திருந்தால் அழுத்தம் ஏற வேண்டும். சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ கூடினால் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது) செய்ய வேண்டும். குறைந்தால், பம்புக்குத் தண்ணீர் சரியாக வரவில்லை என்று பொருள். குளத்தின் மேல்மட்டத் தண்ணீரை இழுக்கும் ஸ்கிம்மரின் வாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கியிருக்கலாம், குப்பை பிடிக்கும் கூடைகள் அடைத்திருக்கலாம், அல்லது உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது. இதைச் சொன்னதும் அவர் குரல் உயர்ந்தது. வெளியே அனுப்பிவிட்டேன்.

பிறகு வந்த எலக்ட்ரீஷியன் ஓடிக்கொண்டிருந்த பம்பின் மூடி விளிம்பில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றினார். குமிழிகள் நின்றன, தண்ணீர் வழிந்ததும் மறுபடி வந்தன. மூடிக்கு அடியில் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பள்ளத்தைத் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் தடவி நேராகப் பொருத்தியதும் குமிழிகள் போய்விட்டன. கடகடப்பு போகவில்லை. அது குழாயை மாற்றாமல் போகாது என்றார்.

முதலாமவர் அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்று விட்டுப்போன பழைய பம்பு மூலையில் கிடந்தது. அதையும் பார்க்கச் சொன்னேன். கெப்பாசிட்டர் வீங்கிப்போயிருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்ததில் காயிலில் ஒரு குறையும் இல்லை. புதுக் கெப்பாசிட்டர் போட்டதும் சத்தமில்லாமல் சுற்றியது. அதையே திரும்பப் பொருத்திவிட்டோம்.

தண்ணீர் பட்ட பம்பைத் திரும்ப எடுக்க முடியாது என்று முதலாமவர் கைவிரித்துவிட்டார். ரசீதில் "பம்பு வேலை" என்று மட்டும் இருக்கிறது. என்ன பழுது, மீட்டர் என்ன காட்டியது, எத்தனை குதிரைத்திறன், எதுவும் இல்லை. இவற்றை எழுதி வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள், கழற்றிய பாகத்தையும் கொடுத்தனுப்பாதீர்கள். நான் பணத்தைக் கேட்டு அழைத்தால் தொலைபேசியை எடுக்காதவர், பழைய பம்பை எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்க மட்டும் தாமாகவே அழைக்கிறார்.