ஃபுளோரஸ் தீவில் ஒரே ஒரு கிராமம்தான் பார்க்க முடியும் என்றால்: வே ரெபோவா, பேனாவா?

இந்தோனேசியா என்றாலே பாலியோடு நின்றுவிடுகிறோம். கிழக்கே ஃபுளோரஸ் தீவு இருக்கிறது. அங்கே வே ரெபோ, பேனா என்று இரண்டு பழைய ஊர்கள்.

வே ரெபோவுக்குச் சாலையே கிடையாது. சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர், காட்டுப் பாதையில் இரண்டு மூன்று மணி நேரம் ஏறித்தான் போக வேண்டும். போனதும் கேமராவை எடுத்துவிடாதீர்கள், முதலில் பெரிய வீட்டுக்குள் போய், ஊர்ப் பெரியவர் முன்னோர்களிடம் அனுமதி கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். கூம்பு வடிவத்தில் ஏழே வீடுகள், ஒவ்வொன்றிலும் ஐந்து தளம்: கீழே குடும்பங்கள், அதற்கு மேல் பண்டங்கள், அப்புறம் விதைகள், வறட்சிக் காலத்துக்கான தானியம், உச்சியில் முன்னோர்களுக்குப் படையல். விதைக்கென்றே ஒரு தளம் ஒதுக்கியிருக்கிறார்களே, அது என்னை அசைத்துவிட்டது. வீடுகளைப் பழைய முறையிலேயே மீட்டுக் கட்டியதற்கு 2012-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

பேனா, இனேரியே எரிமலையின் அடிவாரத்தில். பக்கத்து ஊரான பஜாவாவிலிருந்து வண்டியிலேயே போய்விடலாம். முற்றத்தில் பெருங்கற்கள், ஆண் முன்னோருக்குக் குடை போன்ற கூரையுள்ள கம்பம், பெண் முன்னோருக்குக் குட்டி வீடு. இங்கே தாய்வழி மரபு, வீடு பெண்களுக்குத்தான். திண்ணையில் தறி போட்டு நெய்கிறார்கள்.

வயதானவர்களோடு போகிறீர்களா, பேனா போதும். முழங்கால் ஒத்துழைத்தால் வே ரெபோவுக்கே போங்கள், இரவு தங்கி, அங்கேயே விளையும் காப்பியைக் குடித்துவிட்டு இறங்குங்கள்.