24 மூடிகள்: ரேவாவுக்கு நான்காவது பேட்டரி

மைசூரில் ஒரு ரேவா எலக்ட்ரிக் கார் விலைக்கு வருகிறதாம். பேட்டரி செத்துப்போய் இரண்டு வருடமாக ஷெட்டில் நிற்கிறது, 40,000 ரூபாய் கேட்கிறார்கள். "நீதான் பேட்டரி மாத்தினவனாச்சே, வாங்கலாமா சொல்லு" என்று நண்பன் போன வாரம் கேட்டான். ஃபோனில் ஒரு மணி நேரம் பேசியும் அவனுக்கு உருப்படியாக ஒரு பதில் சொல்ல முடியவில்லை. சரி, எழுதியாவது பார்ப்போம்.

வண்டியைப் பற்றி இதைப் படிக்க வருபவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெங்களூரில் செய்தது, 2001-ல் சாலைக்கு வந்தது, லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. 2010-ல் கம்பெனி மஹிந்திரா கைக்குப் போனது, 2013-ல் அதற்கு அடுத்த கார் இ2ஓ வந்தது, ரேவா காணாமல் போனது. என்னுடையது 2009-ல் வாங்கிய ரேவா ஐ என்ற மாடல். முன் இருக்கைகளுக்கு அடியில் 6 வோல்ட் ஈய-அமில பேட்டரி எட்டு, தொடராக இணைத்து 48 வோல்ட். எல்லாத் தொல்லையும் அந்த இருக்கைகளுக்கு அடியில்தான்.

மூன்றாவது செட்டைக் கொன்றது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். 2019-ல் ஒரு பேட்டரி மட்டும் பலவீனமாகிவிட்டது. மற்ற ஏழும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று அந்த ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டேன். தொடர் இணைப்பில் இப்படிச் செய்யக்கூடாது. பழைய ஏழும் சீக்கிரம் நிரம்பிக் கொதிக்கும், புதியது அரை வயிற்றோடு நிற்கும். ஓட்டும்போது பழையவை முதலில் காலியாகும். ஆறே மாதத்தில் புதியதும் பழையதாகிவிட்டது. அப்புறம் 2020 ஊரடங்கு. வண்டி கீழே பார்க்கிங்கில் சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் நின்றது. ஈய பேட்டரியைக் காலியாக விட்டால் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும். நான் மறுபடி ப்ளக் போட்டபோது வண்டி சும்மா ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான்.

நாலு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. 2024-ல் ஆர்.சி.க்கு 15 வருடம் முடிகிறது, புதுப்பிக்க வேண்டுமென்றால் ஓட்டிக் காட்ட வேண்டும். விற்பதா, காயலான் கடையா, பேட்டரியா என்று வீட்டில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. நான் தோற்றேன். ஆனாலும் பேட்டரி போட்டேன்.

எல்லோரும் சொன்னது லித்தியம் பேட்டரி. எனக்கும் ஆசைதான். 3.2 வோல்ட் செல் 16 போட்டால் 51.2 வோல்ட், 280 ஆம்பியர்-மணி செல்களாகப் பார்த்தாலும் மொத்தம் 90 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஈயத்துக்கு 220 கிலோவுக்கு மேல். ஆனால் இந்த வண்டியின் சார்ஜர் ஈயத்துக்காகவே பிறந்தது. செல்களைச் சமப்படுத்த அவ்வப்போது 60 வோல்ட்டைத் தாண்டி ஏற்றும். அந்த லித்தியம் செட்டுக்கோ 58.4-க்கு மேல் ஆகாது. சார்ஜரை மாற்ற வேண்டும், மீட்டரை ஏமாற்ற வேண்டும், மேம்பாலத்தின் நடுவில் லித்தியம் செட்டின் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்தால் பின்னால் வருகிறவர்களிடம் திட்டு வாங்க வேண்டும். துணிந்தவர்கள் செய்திருக்கிறார்கள். எனக்குத் தைரியம் வரவில்லை.

எதிர்க் கோடியில் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன். "நாலு இன்வெர்ட்டர் பேட்டரி வைங்க சார், 48 வோல்ட் வந்துரும்." வந்துவிடும், உண்மைதான். ஆனால் மின்விசிறியும் நாலு லைட்டும் ஓட்டுவதற்கான பேட்டரி அது. இந்த மோட்டார் உச்சத்தில் 13 கிலோவாட் கேட்கும். 48 வோல்ட்டில் அது 270 ஆம்பியர். மெதுவாகக் கொடுத்துப் பழகிய பேட்டரியிடம் அவ்வளவு வேகமாக வாங்கினால் அட்டையில் எழுதிய அளவில் பாதிகூடக் கிடைக்காது. போதாததற்கு அதன் உயரத்துக்கு இருக்கையில் உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும்.

கடைசியில் கோல்ஃப் வண்டிக்குப் போடுகிற 6 வோல்ட், 225 ஆம்பியர்-மணி பேட்டரி எட்டு. ஒவ்வொன்றும் 28 கிலோ. ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் ஆனது. பழைய ஈயத்தை எடை போட்டுக் கழித்ததற்குப் பிறகு சொல்கிறேன். வேலையைச் செய்த பட்டறையின் பெயர் வேண்டாம். நியாயமாகச் சொன்னால் வேலை சுத்தம். ஸ்பானருக்கு சைக்கிள் ட்யூப் சுற்றி, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பையன்கள் கையை உள்ளே விட்டார்கள். 48 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் இரண்டு டெர்மினலுக்கு நடுவே ஸ்பானர் விழுந்தால் வெல்டிங்தான். கேபிள் எல்லாம் புதிது, ஒவ்வொரு போல்ட்டும் கச்சிதம்.

ஆனால் தண்ணீர்க் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

ஈய பேட்டரிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு பேட்டரிக்கு மூன்று செல், ஆக என் வண்டியில் 24 செல்லுக்கும் மெல்லிய குழாய்கள் ஓடும். ஒரு முனையில் டிஸ்டில்டு வாட்டரை விட்டால் வேண்டிய செல்லுக்கு வேண்டிய அளவு தானே போய் நிற்கும். ஐந்து நிமிட வேலை. அந்தக் குழாய் செட்டைப் பழைய பேட்டரிகளோடு சேர்த்துக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். "அது உடைஞ்ச மாதிரி இருந்துச்சு சார்." உடையவில்லை. 15 வருடம் உடையாமல் இருந்தது. நான் டீ குடிக்கப் போன இருபது நிமிடத்தில் உடைந்த மாதிரி ஆகிவிட்டது.

கோல்ஃப் வண்டிக்கான குழாய் செட் வாங்கிப் பார்த்தேன். அதன் மூடி கொஞ்சம் உயரம், இருக்கைச் சட்டம் அதன் மேல் உட்காருகிறது. ஆக, மூன்று வாரத்துக்கு ஒரு முறை, வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் இருக்கைகளைக் கழற்றி, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, 24 மூடியையும் ஒவ்வொன்றாகத் திறந்து புனலால் ஊற்றுகிறேன். அதுவும் முழு சார்ஜ் ஏறிய பிறகுதான் ஊற்ற வேண்டும். முன்னாலேயே ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து அமிலம் வெளியே வழியும். ஒரு தடவை வழிந்தது. அமிலத்தை முறிக்க சமையலறையிலிருந்து ஆப்பச் சோடா டப்பா கீழே வந்தது, திரும்ப மேலே போகவில்லை. எட்டாவது பேட்டரியின் நடு மூடி ஹேண்ட்பிரேக் பக்கம் சுவரோடு ஒட்டி இருக்கிறது. அதைத் திறக்க இரண்டு விரல்தான் நுழையும். அந்த ஒரு மூடிக்காக நான் திட்டிய திட்டு பட்டறைவரை கேட்டிருக்கும்.

இந்த வேலைக்கென்றே ஒரு லுங்கி ஒதுக்கப்பட்டிருக்கிறது. போட்டபோது முழுசாகத்தான் இருந்தது. துவைத்து எடுக்க எடுக்க ஓட்டைகள் கூடிக்கொண்டே போகின்றன. இப்போது அதைக் கொடியில் காயப் போட அனுமதி இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். குழாய் இருந்த காலத்தில் எந்த செல் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இப்போது ஹைட்ரோமீட்டரை விட்டு ஒவ்வொரு செல்லிலும் அமிலத்தின் அடர்த்தியை அளந்து, 24-ஐயும் நோட்டில் குறிக்கிறேன். மற்றவை 1.27-ல் நிற்க, மூன்றாவது பேட்டரியின் முதல் செல் மட்டும் 1.25-ஐத் தாண்டவே இல்லை. சமப்படுத்தும் சார்ஜ் இரண்டு முறை கொடுத்தபின் அது மேலே ஏறியது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மரியாதை போகும்.

வண்டி? அருமை. ஒரு முழு சார்ஜுக்கு பேப்பரில் 80 கிலோமீட்டர், எனக்கு 50 கிடைக்கிறது, அல்சூரிலிருந்து இந்திரா நகர் போய் வர அதுவே அதிகம். சாதாரண 15 ஆம்பியர் ப்ளக் போதும். 2.6 மீட்டர் நீள வண்டி என்பதால் இரண்டு கார்களுக்கு நடுவே பைக் நிறுத்துகிற இடத்தில் நுழைந்துவிடுகிறது. பச்சை நம்பர் பிளேட் மாட்டிய பிறகு சிக்னலில் கேட்கிறார்கள்: "புது மாடலா சார், என்ன கம்பெனி?" ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஆக, நண்பனுக்கு. வாங்காதே. 40,000 ரூபாய் வண்டிக்கு அதைப்போல மூன்று மடங்கு பேட்டரிக்கு வேண்டும், நாலைந்து வருடத்தில் மறுபடி வேண்டும். உன் முதுகு என் முதுகைவிட மோசம். பார்க்க மட்டும் போவதாக இருந்தால் இருக்கையைத் தூக்கிப் பார். மெல்லிய குழாய்கள் மூடி மூடியாகப் போனால் விலையைக் குறைத்துப் பேசி அந்தக் குழாய் செட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வா. வண்டியோடுதான் தருவேன் என்றால் எனக்கு ஃபோன் போடு, பணத்தை நான் அனுப்புகிறேன்.